மூன்றாவது கடை மைக்

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா?

இங்கே சில காபிக்கடைகளில் மைக் வைத்து, யார் வேண்டுமானாலும் பாடலாம் என்கிறார்கள். இரண்டு கடைகளில் யாரும் காது கொடுக்கவில்லை. மூன்றாவது கடையில் பாட்டு முடியும்வரை காபி மெஷினையே நிறுத்திவிடுகிறார்கள். நேற்று நானும் மேடை ஏறினேன். மைக்கைப் பிடித்ததும் பாட்டு மறந்துபோய், "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்றேன். மைக்செட்காரர் மகன் வேறென்ன சொல்வான்! ஸ்பீக்கரைத் திருப்பி வைத்து, அதன் கீச்சுச் சத்தத்தையும் நிறுத்தினேன்.

"வாரா வாரம் வந்துடுங்க தம்பி, நீங்க இல்லாம ஆரம்பிக்க மாட்டோம்" என்றார் கடைக்கார அம்மா. இந்த ஊருக்கு வந்த எட்டு மாதத்தில் என்னை ஒருவர் வரச் சொன்னது இதுதான் முதல் முறை. எல்லாம் உங்கள் புண்ணியம்.

மைக்குக்கு மாட்டும் பஞ்சு உறை இரண்டு அனுப்புங்கள். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது. இனி போனில் 'ஹலோ'வோடு நிறுத்தி அம்மாவிடம் கொடுத்துவிடாமல், 'த்ரீ' வரைக்கும் சொல்லுங்கள் அப்பா.

உங்கள் மகன்