ஏழாம் அறையில் ஆள் இல்லை

குளிர்நீர் அமைப்புப் பதிவு. தூத்துக்குடி, வாடகை வீடு எண் 1. எழுதுவது பொறியாளர் ரெஜினா. எனக்குப் பிறகு இந்தப் பெட்டியைத் திறப்பவருக்காக.

மே 3, 2058. காலை 8.15
வெளியே 41 டிகிரி. ஒன்பது அறைகள், இருபத்திரண்டு பேர். இரவில் ஆறவைத்த தொட்டி நீரை ஒரே பம்பு எல்லா அறைகளின் கூரைக் குழாய்களிலும் சுற்றவிடுகிறது. மின்சாரம் மொட்டைமாடி சோலார் தகடுகளிலிருந்து. அறைகளுக்குள் 31. ஏசிக்கு வழியில்லாதவர்களுக்கு இது போதும்.

மே 5. மாலை 5.40
புதிய விதி எழுதினேன்: ஆளில்லாத அறையின் குழாயை மூடு. கூரைக் கருவி உடல்சூட்டை வைத்து ஆள் எண்ணும். பேட்டரி இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தாங்கியது. பெருமையாக இருந்தது. நம் அமைப்பு ஓடும் மற்ற பதினொரு வீடுகளுக்கும் அனுப்பிவிட்டேன்.

மே 7. மாலை 4.50
ஏழாம் அறை செல்லக்கனி இறந்துவிட்டாள். உப்பளத்தில் வேலை. 2.10க்கு அறைக்குத் திரும்பியிருக்கிறாள். அவள் அனுப்பிய குரல் செய்தி:

"யக்கா, ரூம்பு அனலா அடிக்கு. குழாய்ல தண்ணி ஓடுத சத்தமே இல்ல. கொஞ்சம் பாருங்க. நான் படுத்துக்கிடுதேன்."

நான் மாடியில் தகடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போன் கீழே. 3.40க்குத்தான் கேட்டேன். அறைக்குள் 43 டிகிரி. ஆறாம் அறை சூசை, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர், அவளைத் தோளில் போட்டு இறக்கினார். ஆம்புலன்ஸ் வருமுன் மூச்சு நின்றுவிட்டது.

திரையில் அப்போதும் "அறை 7: ஆள் இல்லை."

கருவி பழுது. அப்படித்தான் எழுதுகிறேன்.

மே 9. பிற்பகல் 2.10
புதிய கருவி மாட்டியாயிற்று. அறை பூட்டியிருக்கிறது, சாவி என்னிடம். திரையில் "அறை 7: ஒருவர்." குழாய் தானாகத் திறந்துகொண்டது.

மே 10. பிற்பகல் 2.14
மறுபடியும். சூசையின் செய்தி: "யக்கா, சுவத்துக்கு அந்தப் பக்கம் பாய் விரிக்க சத்தம் கேக்கு. நீங்களா?"

நான் மாடியில் இருந்தேன்.

மே 11. பிற்பகல் 1.30
வெளியே 51. பம்பு திணறுகிறது. மூன்றாம் அறையில் இரட்டைக் குழந்தைகள், பிறந்து பன்னிரண்டு நாள். ஏழுக்குப் போகும் நீர் அங்கே போயாக வேண்டும். வால்வைக் கையால் மூடினேன். மூடும்போது மன்னித்துவிடு என்று வாய்விட்டுச் சொன்னேன்.

2.25
ஏழாம் அறைக்குள் உட்கார்ந்திருக்கிறேன். இங்கே 39. நான் வருமுன்பே கைத்திரையில் "ஒருவர்." இப்போது இரண்டாக வேண்டும். ஆகவில்லை. வெளியே போனேன்: ஒருவர். உள்ளே வந்தேன்: ஒருவர். கருவிக்கு நேர் கீழே நின்று கையை ஆட்டினேன். ஒருவர்.

அது என்னை எண்ணவில்லை.

சுவர் என் உடலைவிடச் சூடு. அதனால் நான் அதற்குத் தெரியவில்லை. ஆளில்லாத அறையை மூடுகிறோம், அறை சூடேறுகிறது, அதற்குள் திரும்பி வருபவர் கருவியின் கண்ணுக்கே படமாட்டார். குழாய் திறக்காது. பழுது எதுவும் இல்லை. நான் எழுதிய விதிதான் அவளை

அப்படியானால் அது எண்ணுவது யாரை.

2.38
விதியை நீக்கிவிட்டேன். மற்ற வீடுகள் மாற்றத்தை விடியற்காலையில்தான் எடுத்துக்கொள்ளும். எல்லோருக்கும் போன் செய்தேன். பத்து வீடுகளில் போனை எடுத்தார்கள், குழாய்களைக் கையால் திறக்கச் சொன்னேன். ஒன்றில் எடுக்கவில்லை. சூசை பைக்கில் அங்கே போயிருக்கிறார்.

3.05
சூசை: "யக்கா, வந்துட்டேன். கீழ எல்லாரும் நல்லா இருக்காவ. மாடி ரூம்பு மட்டும் உள்ள தாப்பா போட்டிருக்கு. தட்டுதேன், சத்தமே இல்ல. வாசல் பெட்டியில ஆள் இல்லன்னு காட்டுது. ஒடைக்கவா?"

உடையுங்கள் என்றேன்.

3.06
போன் இணைப்பில்தான் இருக்கிறது. கதவு உடைந்த சத்தம் கேட்டது. கூப்பிடுகிறேன். சூசை மூச்சு வாங்குவது மட்டும் கேட்கிறது. சூசை, எத்தனை பேர் என்று சொல்லுங்கள். எத்தனை