மகாராணியின் வால்

அன்புள்ள பெரியவளுக்கு அப்பா ஆசியோடு எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சின்னவளும் நலம், அங்கே நீ நலம் என்று உன் கையெழுத்தில் நாலு வரி வந்தால்தான் எங்கள் நலம் முழுதாகும். எழுத்து என்னுடையதாக இல்லையே என்று பதறாதே, பம்ப் ஹவுஸ் படியில் வழுக்கி வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறது, எலும்புக்கு ஒன்றும் இல்லை, நான் சொல்லச் சொல்லச் சின்னவள் எழுதுகிறாள். அம்மா தையல் கடைக்குப் போய்வருகிறாள், முதலாளியம்மாவோடு வாரத்துக்கு ஒரு சண்டை, அது இல்லாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. நீ கம்பளிச் சட்டை போடாமல் வெளியே போகாதே, ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கவில்லை என்று பட்டினி கிடக்காதே. போன ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரல் கம்மியிருந்தது, கேட்டதற்குத் தூக்கக் கலக்கம் என்றாய், அன்று முழுக்க அம்மா யாரோடும் சரியாகப் பேசவில்லை. பள்ளியில் படிக்கும்போது நீ ஓடைக்கரையில் நட்ட கன்று இப்போது என்னைவிட உயரம், அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போகிறேன். நீ மறக்காமல் கேட்பாயே, மீன்களும் நலம்.

அக்கா, மேலே இருப்பது அப்பா சொன்னது. கையெழுத்தைக் காலையில் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். இனி எழுதுவது நான். சமையலறையில் பிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து, பிரிட்ஜ் கதவை ஒரு கை அகலம் திறந்துவைத்து அந்த வெளிச்சத்தில் எழுதுகிறேன். அம்மாவின் போன் அம்மாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உன்னோடு பேசும்போதும் மூன்று பேரும் அதைச் சுற்றியே உட்கார்ந்திருப்போம், அப்போது எதைச் சொல்ல முடியும். மீன்களும் நலம் என்ற வரியைப் பார், எழுத்து கோணல்மாணலாக இருக்கும், மனசில்லாமல் எழுதியது. அது பொய் அக்கா. அப்பா பொய் சொன்னார், நான் எழுதினேன்.

ஓடைத் தண்ணீர் பெரிய தொட்டிக்குப் போகும் முன் அப்பா வேலை பார்க்கும் பம்ப் ஹவுஸில் அந்தக் கண்ணாடித் தொட்டி வழியாகத்தான் போகும் என்றும், மீன் ஒழுங்காக நீந்தினால் ஊருக்குத் தண்ணீர், மீன் சாய்ந்தால் அப்பா வால்வை மூட வேண்டும் என்றும் எனக்கு முதலில் விளக்கியது நீதான். ஊருக்கு முன்னாடி அதுங்க குடிச்சுப் பாக்குதுடி என்று சொன்னாய். மூக்கன், கணக்கு வாத்தியார், மகாராணி என்று பெயர் வைத்ததும் நீதான். தொட்டி கழுவும்போது உன் வலையில் சிக்கி மகாராணியின் வால் ஒரு பக்கம் கிழிந்ததே, அன்று நீ அழுத அழுகையை அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பாள். நேற்று சாயந்திரம் அப்பாவின் டிபன் கேரியரைக் கழுவும்போது அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டாள். சாப்பாடு கொண்டு போனீங்களா, மீன் பிடிக்கப் போனீங்களா என்று கேட்டாள். அப்பா சிரிக்கவில்லை. இன்று பள்ளி விடுமுறை, நான்தான் சாப்பாடு கொண்டு போனேன், போனதும் வழக்கம்போலக் கண்ணாடியில் விரலை வைத்தேன். கணக்கு வாத்தியார் எப்போதும் விறைப்பாக விரலுக்கு நேரே வந்து நிற்பாரே, இன்று மூன்றும் சிதறி ஓடின. மகாராணியின் வால் முழுசாக இருந்தது. வால் எப்படிப்பா சரியாச்சு என்று கேட்டேன். அது வளர்ந்துடுச்சும்மா, மீனுக்கு வால் வளரும் என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். மீனுக்கு வால் வளரும் என்று எனக்கும் தெரியும். போன வாரம் பாதி இல்லாத வால் ஒரு வாரத்தில் வளராது என்றும் தெரியும். கை கழுவப் பின்பக்கம் போனபோது சுவரோரம் புது மண் கிளறியிருந்தது, அதன் மேல் ஒரு தட்டையான கல். குப்பையில் போட அப்பாவுக்கு மனசு வரவில்லை அக்கா, புதைத்திருக்கிறார். கடையிலிருந்து அதே நிறத்தில் மூன்று மீன்களைக் கேரியரில் கொண்டுவந்து விட்டிருக்கிறார். வால்வை மூடவில்லை.

நேற்றிலிருந்து வீட்டில் குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சச் சொல்கிறார், ஏன் என்றால் தொண்டை கட்டியிருக்கிறதாம். கேஸ் என்ன ஓசியிலயா வருது என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டே காய்ச்சுகிறாள். எனக்கு மட்டும் அப்பா கேட்காமலே டம்ளரில் ஊற்றித் தருகிறார். ஓடையின் மேல்பக்கம் வேலி சாய்ந்து கிடக்கிறது, லாரி போன தடம் இருக்கிறது. போன வாரம் இலை அள்ளப் போனபோது நானும் பார்த்தேன், உன் மரத்துக்குக் கொஞ்சம் மேலே காலி டப்பாக்கள் கிடந்தன, கண் எரிகிற மாதிரி ஒரு வாடை. வேலியைச் சரிசெய்யச் சொல்லி அப்பா அலுவலகத்தில் ஏற்கனவே சொல்லியிருக்கிறார், யாரும் வரவில்லை. அப்பா கெட்டவர் இல்லை, அது உனக்கே தெரியும். நீ ஊரில் இல்லாதபோது நடந்த ஒன்றை உன்னிடம் யாரும் சொல்லவில்லை. போன மழைக்காலத்தில் மூக்கன் ஒரு பக்கமாகச் சாய்ந்தான் என்று அப்பா வால்வை மூடினார், ஊருக்கே ஒரு நாள் தண்ணீர் இல்லை, ஆஸ்பத்திரிக்கு லாரியில் தண்ணீர் கொண்டு போனார்கள். சோதித்துப் பார்த்ததில் தண்ணீரில் ஒன்றும் இல்லை. மூக்கனும் மறுநாள் எழுந்து திமிராகச் சுற்றினான். அன்றிலிருந்து அப்பாவுக்கு மீன் ஜோசியர் என்று பெயர். முடிவெட்டும் கடையில், என்ன ஜோசியரே, எம் பொண்ணுக்கு எப்பக் கல்யாணம்னு உங்க மீனைக் கேட்டுச் சொல்லுங்க என்கிறார்கள். என் வகுப்பில் ஒருத்தி வாயைத் திறந்து திறந்து மூடி மீன் மாதிரி காட்டுகிறாள். இன்னொரு முறை மீன் கதை சொன்னால் வேறு ஊருக்குத் தூக்கிப் போட்டுவிடுவேன் என்றாராம் பொறியாளர். அப்பா எல்லாரோடும் சேர்ந்து சிரித்தார், ஆனால் முடிவெட்ட இப்போது பக்கத்துத் தெருவுக்குப் போகிறார்.

கீழ் வீட்டில் புதிதாக ஒரு குழந்தை வந்திருக்கிறது, உனக்குச் சொன்னோமே, கார் டிரைவரின் குழந்தை. இன்று சாயந்திரம் அதன் அம்மா, கீழ் வீட்டு அக்கா, பைப்பில் தண்ணீர் பிடித்துப் பால் பாட்டிலில் ஊற்றிக்கொண்டிருந்தாள். காய்ச்ச மாட்டீங்களா என்று கேட்டுவிட்டேன், காரணத்தைச் சொல்லவில்லை. அவள் சிரித்துக்கொண்டே, எதுக்குடி, உங்கப்பா விடுற தண்ணிதானே என்றாள். இப்போது அந்தக் குழந்தை அழுகிறது. எல்லாக் குழந்தையும் ராத்திரி அழும், தெரியும், ஆனாலும் ஒவ்வொரு தடவை அழும்போதும் எழுதுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறேன். சொன்னால் அப்பாவுக்கு வேலை போய்விடும், ஊரே திட்டும். சொல்லாவிட்டால் அந்தக் குழந்தை குடிக்கும். நீ இருந்திருந்தால் போர்வையை இழுத்து இரண்டு பேர் தலையையும் மூடிக்கொண்டு, என்னடி சொல்லு என்பாய். கட்டிலில் உன் பக்கத்தில் இப்போது அம்மா துவைத்த துணிகளைக் குவித்துவைக்கிறாள், நான் தினமும் அதை ஒதுக்கிவிட்டு உன் தலையணையை மட்டும் சரியாக வைக்கிறேன். நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்யலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் இந்தக் கடிதம் உன்னிடம் வந்து, நீ பதில் போட்டு, அது இங்கே வருவதற்குள் கீழ் வீட்டு அக்கா எத்தனை பாட்டில் கலந்திருப்பாள். இதை ஏன் முதலிலேயே யோசிக்கவில்லை என்று தெரியவில்லை. உன்னிடம் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்றே பழகிவிட்டேன். அப்பா எழுந்துவிட்டார், செருமுகிறார், இங்கேதான்

அக்கா, இப்போது விடிந்துவிட்டது, இது பம்ப் ஹவுஸில் அப்பாவின் மேசையில் எழுதுவது. அப்பா தண்ணீர் குடிக்க வந்தார், நான் காகிதத்தைத் தொடைக்குக் கீழே ஒளித்தேன். அக்காவுக்கா என்று மட்டும் கேட்டார். காய்ச்சிய தண்ணீர்ப் பானையிலிருந்து மொண்டு எனக்குத்தான் முதலில் நீட்டினார். அதை வாங்க என்னால் முடியவில்லை. டம்ளருக்குப் பதிலாகக் காகிதத்தை அவர் கையில் கொடுத்தேன். தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, பிரிட்ஜ் கதவை முழங்காலால் தள்ளிப் பிடித்துக்கொண்டு படித்தார். ரொம்ப நேரம் படித்தார். பிரிட்ஜ் உறுமிக்கொண்டே இருந்தது. அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். படித்து முடித்துவிட்டு, கீழ் வீட்டுக் குழந்தைக்குப் பைப் தண்ணியா குடுக்கறாங்க என்று கேட்டார். ஆமாம் என்றேன். செருப்பைப் போடு, ஒத்தக் கையால அந்தச் சக்கரத்தைத் திருப்ப முடியாது என்றார். வால்வுச் சக்கரத்தில் அவருடைய இடது கையும் என் இரண்டு கைகளும். அது கிறீச்சிட்டுக்கொண்டு முதலில் அசையவே இல்லை, பிறகு மெல்ல மெல்லத் திரும்பியது. பொறியாளரைப் பம்ப் ஹவுஸ் போனில் எழுப்பினார், மறுபடியும் மீனா என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது. ஆமா சார், மீன்தான், முந்தாநாளே செத்துடுச்சு, நான்தான் மறைச்சேன், ஆள் அனுப்பித் தண்ணி எடுத்துப் பாருங்க, அதுவரைக்கும் திறக்க மாட்டேன் என்றார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். அம்மா, எனக்கும் எம் புள்ளைக்கும் காய்ச்சின தண்ணி, ஊருக்கு மட்டும் பச்சைத் தண்ணியா என்று கேட்டாள். அம்மா போட்டிருந்த உடையோடு தெருவில் இறங்கி ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டிருக்கிறாள். முதலில் தட்டியது கீழ் வீடு. அந்த அக்கா என்ன சொன்னாள் என்று அப்பா மறுபடி போனில் கேட்டார். பாட்டிலைக் கவுத்து ஊத்தினா, என்னைப் பாக்காமக் கதவைச் சாத்திக்கிட்டா என்றாள் அம்மா. குழந்தை நன்றாகத் தூங்குகிறதாம். தண்ணீரில் என்ன இருந்தது என்று இன்னும் யாருக்கும் தெரியாது.

இனி அப்பா சொல்ல நான் எழுதுவது. பெரியவளே, என்ன நடந்தது என்று தங்கை எழுதிவிட்டாள், நான் சேர்க்க ஒன்றும் இல்லை. தண்ணீர் கெட்டதா இல்லையா என்பதைச் சோதிப்பவர்கள் சொல்லட்டும், இந்த முறையும் ஒன்றும் இல்லை என்றால் இந்த முறையும் சிரிக்கட்டும். மீன் செத்ததைச் சொல்வது என் வேலை, அதை நான் செய்யவில்லை. என்னை எங்கே அனுப்பினாலும் போவேன், போகும் முன் மேலே போய் அந்த வேலியை நிமிர்த்திக் கட்டிவிட்டுப் போவேன், உன் மரம் அங்கே நிற்கிறது. மேலே மீன்களும் நலம் என்று சொன்ன வரியை மட்டும் அடிக்கச் சொன்னேன், சின்னவள் மாட்டேன் என்கிறாள், இருக்கட்டும், இரண்டையும் படி. புதிதாக வந்த மூன்றும் தொட்டியின் மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. அவற்றுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. மகாராணி என்று கூப்பிட்டுப் பார்த்தேன், எனக்கே வாய் கூசியது. பெயர் நீ வந்துதான் வைக்க வேண்டும், எப்போது வர முடியும் என்று இதுவரை ஒரு கடிதத்திலும் கேட்டதில்லை, இப்போது கேட்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள், கம்பளிச் சட்டையை மறக்காதே. நீ நீண்ட ஆயுளோடு, எங்கே இருந்தாலும் மனம் நிறைந்து இருக்க வேண்டும். கையெழுத்து இடது கையால் போட்டது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போட்ட மாதிரி இருக்கும், ஆனால் நான் போட்டதுதான்.

என்றும் உன் வரவைப் பார்த்திருக்கும்
அப்பா