அம்மா வீட்டுத் தண்ணீர்

செப்ரெம்பர் 8, ஞாயிறு

அடுத்த மாதம் யூதப் புதுவருடம். யூதப் பெண்ணாக நான் கொண்டாடப்போகும் முதலாவது. இப்போதே தேனும் மாதுளையும் வாங்கி வைத்துவிட்டேன். என் கணவன் ஈத்தன் சிரிக்கிறான். யூதனாகப் பிறந்தவன் அவன்; வெள்ளி மாலைகளில் மணிக்கூட்டைப் பார்த்து விளக்கேற்றுவது கத்தோலிக்க வீட்டில் பிறந்த நான். “எங்கள் குடும்பத்திலேயே இவ்வளவு கண்டிப்பான ஆள் நீதான்” என்கிறான். எனக்கு அது பெருமை.

செப்ரெம்பர் 15, ஞாயிறு

மார்க்கம் நகரில், அம்மா வீட்டில் அவரின் பிறந்தநாள். யூத உணவுச் சட்டப்படி கேக்கைத் தொடவில்லை. கோப்பியும் வேண்டாம் என்றேன். அதெல்லாம் அம்மாவுக்குப் பழகிவிட்டது. நான் சமயம் மாறியதையே பொறுத்துக்கொண்டவர். பிறகு கிளாசில் தண்ணீர் கொண்டுவந்தார். நான் கைப்பையிலிருந்த போத்தலை எடுத்துக் காட்டினேன்.

அம்மா கிளாசைக் கீழே வைக்கவில்லை. பிடித்துக்கொண்டே நின்றார்.

“ஊரிலை எங்களுக்குச் சிரட்டையிலைதான் தண்ணி வாத்தவை, பேர்ணடெற். அவையின்ரை செம்பிலை எங்கடை கை படக்கூடாது. இஞ்சை என்ரை பிள்ளையே என்ரை கிளாசைத் தொடமாட்டனெண்டுது.”

“இது சாதியில்லை அம்மா, சமயம்.”

“கிளாசோடை நிக்கிற ஆளுக்கு ரெண்டும் ஒண்டுதான்.”

தம்பி ஜஸ்ரின் எழும்பிப்போய் ரீவியை நிற்பாட்டினான்.

செப்ரெம்பர் 16, திங்கள்

நான் என்ன செய்துபோட்டன்? அம்மாவுக்கு நானும் அவையளைப் போலவோ?

செப்ரெம்பர் 18, புதன்

எனக்கு வேதம் படிப்பித்த யூதகுரு, றபாயிடம் போனேன். என்னைவிட இளையவர். “கண்ணாடிக் கிளாசில் பச்சைத் தண்ணீர் குடிக்கத் தடையே இல்லையே. இந்தச் சட்டத்தை யார் போட்டது?” என்று கேட்டார்.

நான்தான். புதிதாக வந்தவள், எங்கேயாவது பிழை விட்டுவிடுவேனோ என்ற பயம்.

தாய் தந்தையை மதிப்பதும் கட்டளைதான் என்றார். ஆனால் அம்மாவின் சமையலை நான் சாப்பிடும் விஷயத்தில் இம்மியும் இறங்கவில்லை. புதுச் சட்டி வேண்டும், புதுக் கத்தி வேண்டும், செதிலுள்ள மீனாக இருக்கவேண்டும், அடுப்பை யூதப் பெண்ணான நான் பற்றவைக்கவேண்டும்.

செப்ரெம்பர் 20, வெள்ளி

அரைநாள் லீவு போட்டுவிட்டு நேரே மார்க்கம். கதவைத் திறந்த அம்மாவிடம் தண்ணீர் கேட்டேன். கிளாசில் எடுத்துத் தந்தார். குடித்துவிட்டு இன்னொரு கிளாஸ் கேட்டேன்.

வீட்டுக்கு வந்துவிட்டேன். விளக்கேற்ற இன்னும் நேரம் இருக்கிறது. கொஞ்சம் அழுதேன், நல்ல அழுகை.

செப்ரெம்பர் 29, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு அம்மா புதுச் சட்டியும் கத்தியும் கரண்டியும் வாங்கி வந்தார். இவை யூதர் ஒருவருக்குச் சொந்தமாகி, ஏரியிலோ ஆற்றிலோ தோய்ந்து எழவேண்டும் என்று விளக்கினேன்.

“வாங்கினது நான், சொந்தம் உனக்கோ? சரி, இந்தா.”

ஒன்ராறியோ ஏரிக்கரையில் நல்ல குளிர். ஈத்தன் காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினான். நான் ஆசீர்வாதம் சொல்லிச் சட்டியை முக்கினேன். கரையிலிருந்து அம்மா, “சட்டிக்கும் ஞானஸ்நானமோ?” என்றார். அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் ஈத்தன் சிரித்த சிரிப்பில் கரண்டி தண்ணீரோடு போகப் பார்த்தது.

அம்மா மெல்லச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். நான் காணாதது போல் இருந்துவிட்டேன்.

ஒக்ரோபர் 6, ஞாயிறு

புதுவருடம் நல்லபடியாக முடிந்தது. பாடிப்பாடித் தொண்டை போய்விட்டது.

நவம்பர் 3, ஞாயிறு

அம்மா வீட்டில் விளைமீன் குழம்பு. அடுப்பைப் பற்றவைத்தது நான், மிச்சமெல்லாம் அம்மா. மிளகாய்த்தூளைக்கூட அந்தப் புதுச் சட்டிக்குள்ளேயே வறுத்தார். ருசி பார்க்க ஜஸ்ரின், எங்கள் சமயத்துக்கு ஆகாத இறால் பொரித்த கரண்டியோடு வந்தான்.

“உந்தக் கரண்டியை உதுக்குள்ளை விட்டியோ, கையை முறிப்பன்!”

படவில்லை அம்மா, பரவாயில்லை என்றேன்.

“உனக்குப் பரவாயில்லை. எனக்கு வடிவாத் தெரியவேணும். அந்த றபாயின்ரை நம்பரைத் தா, நான் கேக்கிறன்.”

கரண்டி படவில்லை என்று ஜஸ்ரின் மேல் என்னிடம் சத்தியம் வாங்கியபிறகுதான் விட்டார். யூதக் கடையில் வாங்கிய பாணைப் பிய்த்து, கடதாசித் தட்டில் குழம்பு விட்டுச் சாப்பிட்டோம். அம்மா எதிரே இருந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்காமலே இன்னும் ஒரு கரண்டி விட்டார். நான் போதும் என்று சொல்லவில்லை.