ஆறாம் ஷெட்டுக்கு வராத சீட்டு

ஜூன் 9, 2025, திங்கள்

ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் அலுவலகத்தில் புது மின்விசிறி. காகிதம் நிற்கவில்லை, டிபன் டப்பாவை மேலே வைத்துத் தீவன அளவுப் பக்கத்தை முடித்தேன். முப்பத்தொரு வருடம் நிருபராக இருந்தவனுக்கு, கோழிப்பண்ணை மென்பொருளுக்குக் கையேடு எழுதுவது சலிக்கவில்லை. இங்கேயும் யார், எங்கே, எப்போது என்பதுதான் வேலை.

மாலை ஒரு போன். நாமக்கல் பக்கம் ஒரு பண்ணையில் மருந்து கலக்கும் மாதையன். கையேட்டின் பின்னட்டையில் எண்ணைப் பார்த்திருக்கிறார்.

"ஏனுங்க, இந்தப் புத்தகம் எழுதுனது நீங்களுங்களா?"

"ஆமாங்க."

"இருபத்திரண்டாம் பக்கத்துல போட்டிருக்குதே, அது நெசமுங்களா?"

எடுத்துப் பார்த்தேன். "கணினியை மாற்றினாலும் மருந்துச் சீட்டு மாறாது." என் வாக்கியம்.

மே 27 அன்று குடிதண்ணீரில் தடுப்பு மருந்து கலக்கும் நாள். எங்கள் மென்பொருள் அச்சிட்ட சீட்டில் ஒன்றாம் ஷெட், அதாவது ஒன்றாம் கோழிக்கொட்டகை, என்று வந்ததாம். அப்படியே கலந்திருக்கிறார். பிறகு கால்நடை டாக்டர் கோழிகளின் ரத்தம் எடுத்துப் பார்த்ததில், ஆறாம் ஷெட்டுக்கு மருந்தே போகவில்லை என்று தெரிந்தது. சீட்டில் ஆறு என்றுதான் வந்திருக்கும், இவர்தான் பார்க்காமல் கலந்தார் என்று மேலாளர் சண்முகவேல் இவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். அதற்கு ஆதாரமாகக் காட்டியது பக்கம் 22.

சீட்டு இருக்கிறதா என்று கேட்டேன்.

"எரிச்சாச்சுங்க. செட்டுக்குள்ள போன காகிதம் வெளிய வந்தா நோவும் கூட வரும்னு அன்னன்னைக்கே எரிச்சுருவோம். சட்டந்தானுங்களே அது."

ஜூன் 10

அந்த வாக்கியத்தை யார் சொல்லி எழுதினேன்? பழைய குறிப்பேட்டைத் தேடினேன். போன ஆகஸ்ட். எங்கள் முதலாளி சிவக்குமார் டீ குடித்துக்கொண்டே சொன்னது. ஒரே ஆள். நான் சரிபார்க்கவில்லை. இரண்டு பேரிடம் கேட்காமல் ஒரு லாரி கவிழ்ந்த செய்தியைக்கூடக் கொடுத்ததில்லை. இதை மட்டும் எப்படி விட்டேன் — கம்ப்யூட்டர் விஷயம், அவருக்குத் தெரியாததா என்றா?

ஜூன் 11

சீட்டு அச்சிடும் நிரலை எழுதியவர் வேலையை விட்டுப் போய் ஐந்து வருடமாகிறது. இப்போது தனப்பிரியா பார்த்துக்கொள்கிறார். பண்ணையின் விவரங்களைப் போட்டு ஓட்டிக் காட்டினார். ஆறு. மறுபடியும் ஆறு.

"பாருங்க சார், கரெக்டாத்தான வருது."

சிவக்குமார் சிரித்தார். "வேலை போனவன் வேற என்னங்க சொல்லுவான்? நீங்க இன்னும் நிருபர் வேலையை விடலீங்களா?"

பண்ணையில் கம்ப்யூட்டர் மாற்றியது மே 19. மாற்றிய பின் வந்த முதல் சீட்டே மே 27 உடையது. அடுத்த மருந்து ஜூலையில்தான். அதுவரை சீட்டு அச்சிடும் பொத்தானை யாரும் தொடப்போவதில்லை. தனப்பிரியாவிடம் ஒன்றுதான் கேட்டேன்: நிரல் எழுதிய மொழியான பைதான், இங்கேயும் அங்கேயும் ஒரே பதிப்புதானா? இந்தப் பழைய நிரலுக்காகப் பைதான் 2ஐ அப்படியே வைத்திருக்கிறாராம். பண்ணையின் புதுக் கம்ப்யூட்டரில் 3.

ஜூன் 13, வெள்ளி

பண்ணை வாசலில் கால்களைக் கிருமிநாசினித் தண்ணீரில் நனைக்க வைத்துத்தான் அலுவலகத்துக்குள் விட்டார்கள். மாதையனையும் வரச் சொல்லியிருந்தேன். சண்முகவேல் பொத்தானை அழுத்தினார். சீட்டு வந்தது.

ஷெட் 1.

சண்முகவேல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அன்னைக்கு நான் படிக்கலீங்க. கிழிச்சுக் கையில குடுத்தேன்."

"கம்ப்யூட்டருக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடுங்க" என்றார் மாதையன், வாசலில் நின்றபடியே.

கிளம்பும்போது சண்முகவேல் என் கூடவே நடந்து வந்தார். "நான் வாயில சொன்னா எங்க பண்ணை முதலாளிகிட்ட நிக்காதுங்க. உங்க புத்தகத்தை வெச்சு நிறுத்துனது. புத்தகத்துலயே மாத்திக் குடுங்க, மாதையனைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டுக்கறேன்."

ஜூன் 14

தனப்பிரியா பலகையில் போட்டுக் காட்டியது, என் வார்த்தையில்:

நிரலின் தொடக்கத்தில் 'ஷெட்' என்ற பெயருக்கு 1 என்று ஒரு மதிப்பு. நடுவே சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு பட்டியல். லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன் என்கிறார்கள். குஞ்சு வந்த தேதி வரிசைப்படி எல்லா ஷெட்டையும் ஒவ்வொன்றாக எடுக்கிறது. எடுத்ததற்கு வைத்த பெயரும் 'ஷெட்'தான். கடைசியில் வருவது வயதில் இளைய கோழிகள் இருக்கும் ஆறு, மருந்தும் அதற்குத்தான். கீழே, சீட்டு அச்சிடும் வரி 'ஷெட்' எவ்வளவு என்று பார்க்கிறது. பைதான் 2இல் அடைப்புக்குள் வைத்த பெயர் வெளியிலும் தங்கிவிடும், அதனால் ஆறு. பைதான் 3இல் அந்தப் பெயர் அடைப்போடு முடிந்துவிடும். வெளியே இருந்த 'ஷெட்'டை யாரும் தொடவில்லை, அதனால் ஒன்று.

எச்சரிக்கை எதுவும் வராது. தொடக்கத்தில் அந்த 1 இல்லாதிருந்தால், இப்படி ஒரு பெயரே இல்லை என்று நிரல் நின்றிருக்கும். நின்றிருந்தால் மாதையன் வேலையில் இருந்திருப்பார்.

ஜூன் 16

பக்கம் 22இல் போடச் சிவக்குமார் ஒரு வரி எழுதிக் கொண்டுவந்தார்: "சில சூழல்களில் சீட்டின் விவரம் மாறக்கூடும், பணியாளர் சரிபார்த்துக்கொள்ளவும்."

எந்தச் சூழல் என்று கேட்டேன். எந்தப் பணியாளர், எதை வைத்துச் சரிபார்ப்பார்?

"எல்லாத்தையும் புட்டுப் புட்டு வெச்சா, மத்தப் பண்ணைக்காரங்க என்னங்க நினைப்பாங்க?"

"அவங்க ஊட்டுக் கம்ப்யூட்டரையும் ஒரு தடவை பார்ப்பாங்க" என்றேன். எனக்கே ஊர்ப்பேச்சு வந்துவிட்டது. அப்படி எழுதினால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றும் சொன்னேன். அவர் காகிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஜூன் 17

என் வரைவைத் தனப்பிரியா இரண்டு இடத்தில் அடித்தார்.

ஒன்று, "பைதானின் பிழை." பிழை இல்லையாம், புதியதுதான் முறை. பழைய பழக்கத்தை நம்பி நின்றது நம்முடைய வரி.

இரண்டு, "அடைப்புக்குள் வைத்த எந்தப் பெயரும் வெளியே வராது." அதுவும் தவறு. முக்காற்புள்ளியும் சமக்குறியும் சேர்த்து மதிப்புக் கொடுத்தால் அந்தப் பெயர் வெளியே வரும். "வேணும்னே அப்படி வெச்சிருக்காங்க சார்." இந்த முறை நானே உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன். வந்தது.

'எந்த', வரைவில் வேறிடத்தில் இருந்த 'எப்போதும்' — இரண்டையும் எடுத்துவிட்டேன்.

மாலை சிவக்குமார் பக்கத்தைப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். "உங்க பேரோடயே போகட்டுங்க."

ஜூன் 18

பக்கம் 22, திருத்திய நிரலோடு, எல்லாப் பண்ணைகளுக்கும் போயிற்று. முதல் பத்தியை இங்கே எழுதி வைக்கிறேன்:

"இப்பக்கத்தில் முன்பு, கணினியை மாற்றினாலும் சீட்டு மாறாது என்று இருந்தது. அது தவறு, சரிபார்க்காமல் எழுதப்பட்டது. பைதான் 3 உள்ள கணினியில் சீட்டு மாறுகிறது. ஒரு பண்ணையில் மே 27 அன்று அச்சான சீட்டு எரிக்கப்பட்டதால் பார்க்க முடியவில்லை. அதே கணினியில் ஜூன் 13 அன்று, ஆறு வரவேண்டிய இடத்தில் ஒன்று வந்தது. சீட்டு ஒன்று என்று இருந்ததாகப் பணியாளர் முதலிலிருந்தே சொன்னார்."

அதன் பிறகுதான் காரணம், சிறு எடுத்துக்காட்டு, திருத்திய வரி: அடைப்புக்குள் வேறு பெயர், கடைசி ஷெட்டைப் பட்டியலிலிருந்து நேராக எடுப்பது.

ஜூன் 23

பண்ணையிலிருந்து போன் எதுவும் இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

பண்ணையில் மருந்து நாள். பத்து மணிக்குச் சண்முகவேல் ஒரு படம் அனுப்பினார். மருந்து அறைச் சுவரில் பக்கம் 22 ஒட்டியிருக்கிறது. அடியில் பால்பாயின்ட் பேனாவில், கோணல் எழுத்தில்:

"8.7.25. சீட்டு 6. உள்ளே போகும் முன் பார்த்தது: மாதையன்."

பக்கத்திலேயே இன்னொரு கையெழுத்து: "நானும் பார்த்தேன். சண்முகவேல்."