தெரிந்தது முதலில்

நாள் 112, காலை 7.10

நிலவின் தென்முனை, பள்ளத்து நிலையம். உள்ளே 19 டிகிரி. காற்றழுத்தம் சரி. பனி மாதிரிகள் நான்கை உருக்கினேன். மூன்றாவதன் அளவீட்டில் எனக்கு ஐயம். மீண்டும் செய்ய வேண்டும். பொறியாளர் டெல்பின் பர்னாந்து ஊர்தியில் பனி தோண்டும் துளைத்தளத்துக்குப் போயிருக்கிறார். நிலையத்தில் நான் ஒருவன்தான்: சிற்றம்பலம், பனியியல், வயது அறுபத்தொன்பது. காற்று வடிகட்டியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். திருகு எதுவும் மிஞ்சவில்லை.

பிற்பகல் 2.40

முதன்மைக் கணினி நின்றுவிட்டது. குளிர்விக்கும் குழாய் கசிந்து உள்ளே எல்லாம் நனைந்திருக்கிறது. பூமியோடு தொடர்பு அறுந்தது. இனி இந்தக் குறிப்பு காகிதத்தில்.

காற்று விசிறிகளைக் கையால் இயக்கலாம். நுழைவறையை முடியாது. வெளிக்கதவு, உள்கதவு, நடுவே ஒருவர் நிற்கும் அளவுக்கு அறை. கணினியின் கட்டளை இல்லையென்றால் இரண்டு கதவுகளும் தாமே பூட்டிக்கொள்ளும். எனக்கு உள்ளே ஒரு மாதத்துக்குக் காற்று உண்டு. டெல்பினுக்கு ஊர்தியில் நாளை மாலை வரைதான்.

ஊர்தியோடு பேசும் அண்மை வானொலி வேலை செய்கிறது. டெல்பினிடம் சொன்னேன்.

"அப்ப நான் வாசல்ல வந்து நின்னா தொறக்க ஆளில்லன்னு சொல்லுதீங்க."

ஆம் என்றேன்.

"ஸ்டோர்ல ஒரு பழைய கணினி கெடக்கும் சார், முதல் குழு விட்டுட்டுப் போனது. அத எடுங்க. அழாதீங்க."

நான் அழவில்லை. குரல் அப்படி இருந்திருக்கலாம்.

மாலை 5.30

பழைய கணினி கிடைத்தது. பேட்டரி செத்துவிட்டது, பிளக்கில் இருந்தால் மட்டும் ஓடும். அதன் இயங்குதளம் திறந்ததும், 'உரிமம் முடிந்தது, நிறுவனத்தைத் தொடர்பு கொள்ளவும்' என்கிறது. வேறு எந்த நிரலையும் ஓடவிடவில்லை. அந்த நிறுவனம் பூமியில் இருக்கிறது.

"என் பெட்டியில சிவப்பு பென் டிரைவ் இருக்கும். அதுல வேற இயங்குதளம் இருக்கு. அது யார்கிட்டயும் அனுமதி கேக்காது. கதவு நிரலும் அதுலயே இருக்கு."

உங்கள் பெட்டியை நான் திறப்பது முறையா என்று கேட்டேன்.

"மாதா படத்துக்குக் கீழ சார். பக்கத்துல கருவாட்டுப் பொட்டலத்தப் பாத்தா, பாக்காத மாதிரி இருந்துக்கோங்க."

நாள் 113, காலை 8.15

கணினி விழிக்கும் நொடியில் எஃப் பன்னிரண்டு விசையை அழுத்த வேண்டும். இரண்டு முறை தயங்கித் தவறவிட்டேன். மூன்றாம் முறை பிடித்தேன். பென் டிரைவிலிருந்தே ஓட்ட நினைவகம் போதவில்லை. வட்டில் நிறுவித்தான் ஆக வேண்டும். திரை கேட்டது: வட்டை முழுவதும் அழிக்கவா, பழையதன் பக்கத்திலேயே புதியதை நிறுவவா?

"மொத்தமா அழிச்சிருங்க சார். அந்தச் சனியன் எதுக்கு?"

அந்த வட்டில் முதல் குழுவின் பனி அளவீடுகள் இருக்கின்றன. நான் ஒரு மாதிரியைக்கூடத் தூக்கி எறிந்தவன் அல்ல. பக்கத்தில் நிறுவும்படி அழுத்தினேன். டெல்பினிடம் சொல்லவில்லை.

இன்னொரு கேள்வி: கணினி விழித்ததும் எது முதலில் வர வேண்டும்? சோதனைக்கூடத்தில் தெரிந்த மாதிரியை முதலில் ஓட்டுவோம், தெரியாததைப் பிறகு. பழையதை முதலில் வைத்தேன். இரண்டையும் காட்டும் பட்டியல் பத்து நொடி காத்திருக்கும். யாரும் அம்பு விசையை அழுத்தாவிட்டால் முதலில் உள்ளது திறக்கும். நான்தான் பக்கத்திலேயே இருக்கிறேனே.

முற்பகல் 11.50

புதிய இயங்குதளம் ஓடுகிறது. கதவுகளின் கம்பியை இந்தக் கணினியில் செருகினேன். வெளிக்கதவு என் சொல்லுக்குத் திறந்தது, மூடியது. காற்றை வீணாக்க வேண்டாமென்று நுழைவறையில் காற்றை நிரப்பும் பம்பை ஓட்டிப் பார்க்கவில்லை.

"சார், நீங்க பெரிய ஆளு! தூத்துக்குடி வந்தீங்கன்னா ஒரு பெட்டி மக்ரூன் என் செலவு."

மகிழ்ச்சியாக இருந்தது. கதவை இன்னொரு முறை சோதித்தேன்.

மாலை 4.05

டெல்பின் வந்தார். வெளிக்கதவு திறந்தது. நுழைவறைக்குள் வந்துவிட்டார். கதவு மூடியது. பம்பை இயக்கிவிட்டு, வரவேற்க உள்கதவுச் சன்னலுக்குப் போனேன். அவர் கையசைத்தார்.

விளக்குகள் மங்கின. பின்னால் கணினியின் இரைச்சல் நின்று மறுபடி தொடங்கியது. பம்பு மின்சாரத்தை இழுத்துவிட்டது. பேட்டரி இல்லாத கணினி ஒரு கணம் செத்துப் பிழைத்திருக்கிறது. என்ன சத்தம் என்று யோசித்தபடி நின்றேன். ஓடிப்போவதற்குள் பட்டியல் போய்விட்டது.

பழையது திறந்திருந்தது. அதற்குக் கதவைத் தெரியாது. இரண்டு கதவுகளும் பூட்டிக்கொண்டன. பம்பு நின்றது. திரையில்: புதுப்பிக்கப்படுகிறது. கணினியை அணைக்க வேண்டாம். 2%.

இத்தனை காலம் சேர்த்து வைத்திருந்ததை இப்போது செய்கிறது.

4.11

"சார், பம்பு நின்னுட்டு. என்னாச்சு?"

எல்லாவற்றையும் சொன்னேன். அழிக்காததை, வரிசையை, பத்து நொடியை.

"சரி, விடுங்க. உடுப்புல அரை மணி நேரக் காத்து இருக்கு. எத்தன பர்சென்ட்?"

மூன்று.

"பிளக்கப் பிடுங்குங்க."

அணைக்க வேண்டாம் என்று திரை சொல்கிறது என்றேன்.

"அது சொல்லுதத கேப்பீங்களா, நான் சொல்லுதத கேப்பீங்களா?"

4.14

பிடுங்கினேன். மீண்டும் செருகினேன். பட்டியல் வரவில்லை. கறுப்புத் திரை, மூலையில் வெள்ளைக் கோடு. பாதியில் நின்ற புதுப்பிப்பு வட்டைக் கெடுத்துவிட்டது. பென் டிரைவ் என் சட்டைப் பையில்தான் இருந்தது. எஃப் பன்னிரண்டு. முதல் முறையே பிடித்தேன்.

பம்புக்கு மின்சாரம் போதும்படி விளக்கு, சூடேற்றி, விசிறி எல்லாவற்றையும் அணைத்தேன். தலைவிளக்கில் எழுதுகிறேன்.

4.18

அதே கேள்வி. முழுவதும் அழிக்கச் சொன்னேன்.

"பனிக் கணக்கு?"

போயிற்று என்றேன்.

"மறுபடி தோண்டுவோம் சார். இனி பேச மாட்டேன், காத்து செலவாகும். கதவத் தட்டுதேன். தட்டுனா இருக்கேன்னு வச்சுக்கோங்க."

9%. நான் செய்வதற்கு எதுவும் இல்லை. எழுதாவிட்டால் கை விசைப்பலகைக்குப் போய்விடும்.

27%. தட்டினார். இரண்டு.

41%. இரண்டு.

58%. குளிர். மை சரியாக இறங்கவில்லை. ஒன்று.

70%. நான் தட்டினேன். நெடுநேரம் கழித்து ஒன்று.

83. இல்லை.

நான் தட்டினேன். இல்லை.

91. இல்லை. சன்னலில் தலைக்கவசத்தின் மேற்பகுதி மட்டும் தெரிகிறது. உட்கார்ந்திருக்கிறார்.

100

விழிக்கிறது. இம்முறை பட்டியலே வரவில்லை. தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. கதவு நிரல். பம்பு. கணினி நிற்கவில்லை. அழுத்தம் ஏறுகிறது

பாதி

முக்கால்

பச்சை. ஒரு தட்டல் கேட்டது. கேட்டதாக நினைக்கிறேன். இந்த அளவீட்டில் எனக்கு ஐயம். போய்த் திற