கடல் ரீலுக்குப் பட்டு நூல்

அன்புள்ள அண்ணி,

மாடியில் குடியிருக்கும் தம்பி உங்கள் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். ஓசூர் தொழிற்பேட்டையில் வேலை. விடுமுறைக்கு ஊருக்குப் போய் வந்தவன் இன்று காலை தன் தூண்டில் ரீலைக் கொண்டுவந்து என் சமையல் மேடையில் வைத்தான். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினேன். உப்பும் எண்ணெயும் கலந்த அந்த வாடை குப்பென்று வந்தது. "தங்கூஸ் நூலு பளபளன்னுதான் இருக்கு. மாத்தணுமாம்மா?" என்று கேட்டான். சரியான ஆளைத்தான் கேட்டான். கடலைப் பார்ப்பதற்கு முன்பே கடல் ரீலுக்கு நூல் மாற்றியவள் இந்தச் சீமையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவனுக்குப் பதில் சொல்லி அனுப்பினேன். அடுப்பில் உலையை வைத்துவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். உங்களோடு மனசுக்குள் பேசிப் பேசிப் பழகிவிட்டது. இன்றைக்கு அது போதவில்லை.

எங்கள் வீட்டுக்கு நீங்கள் மருமகளாக வந்தது ஐம்பதுகளில். எல்லைக்கல்லை எங்கே நடுவார்கள், நாம் எந்தப் பக்கம் போவோம் என்று ஊரெல்லாம் மூன்று பாஷையில் வாய்ச்சண்டை நடந்துகொண்டிருந்த காலம். தளி சாலையில் நம் வீடு. உங்கள் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே பித்தளைப் பட்டை போட்ட மரத்தாலான ஒரு ரீல் இருந்தது. கப்பல்காரர் ஒருவர் உங்கள் அப்பாவுக்குக் கொடுத்தது. உங்கள் அப்பா கடலோடு போய்விட்டார், ரீல் மட்டும் உங்களிடம் தங்கியது. இதையெல்லாம் நீங்கள் சொன்னபோது அம்மா அதைப் பயபக்தியோடு வாங்கி, வீட்டிலேயே பத்திரமான இடம் என்று பரணில் உப்புப் பானைக்குப் பக்கத்தில் வைத்தாள். உப்பு இருக்கும் இடம் லட்சுமி இருக்கும் இடம் என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். வேதக்காரர்களான நாங்களும் அதை விட்டதில்லை.

அடுத்த வருடம் தவக்காலத்தில் வந்தது வினை. பெங்களூர்க் கனவான் ஒருவர் காவேரியில் மீன் பிடிப்பதற்காக ஜவளகிரிக் காட்டு பங்களாவில் வந்து தங்குவார். நம் தோட்டத்துக் காய்கறிதான் அவருக்குப் போகும். ஒருநாள் வீட்டுக்கு வந்தவர், அம்மா ஏதோ எடுக்கப் பரணைத் திறந்தபோது ரீலைப் பார்த்துவிட்டார். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் அப்பாவுக்கு யாராவது ஒரு பொருளைப் புகழ்ந்தால் போதும், தூக்கிக் கொடுத்துவிடும் குணம். "சும்மா பரண்ல கெடக்குது சார். அடுத்த தடவ வர்றப்போ எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார்.

நீங்கள் மோர்ச் செம்போடு வாசற்படியில் நின்றீர்கள். முகம் வெளுத்துப் போயிருந்தது. கனவான் போனதும், "மாமா, அது சும்மா கெடக்கல. எங்கப்பா கையில இருந்த சாமான்" என்றீர்கள்.

அப்பாவுக்குக் கோபம் வரவில்லை, சங்கடம்தான் வந்தது. கொடுத்த வாக்கு ஒரு பக்கம், மருமகள் ஒரு பக்கம். "மீன் புடிக்கிற சாமான்னா மீன் புடிக்கணும்மா. புடிச்சுக் காட்டு, அவர்கிட்ட நான் பேசிக்கிறன். இல்லன்னா கேட்ட மனுசனுக்குப் போவட்டும்" என்றார்.

ஏரியில் ஒரு கிழட்டு வாளை மீன் இருந்தது ஊருக்கே தெரியும். வாத்துக் குஞ்சை விழுங்கும், வலையைக் கிழிக்கும். நீங்கள் அதைத்தான் பிடிப்பேன் என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மதகுப் பக்கம் போய் நின்றோம். பெண்பிள்ளை தூண்டில் போடுகிறாள் என்று கரை முழுக்கக் கூட்டம். உயிர்க் கெண்டையைக் கோத்து நீங்கள் வீசிய வீச்சில் கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. வாளையும் வந்து கவ்வியது. ரீல் கிர்ரென்று பாடியது. அவ்வளவுதான். பட்டென்று நூல் அறுந்து, மூங்கில் கழி நிமிர்ந்துகொண்டது.

கூட்டத்துக்குச் சிரிக்கச் சொல்லியா தர வேண்டும். "கடக்கரைப் பொண்ணு காத்துல மீன் புடிக்குது" என்று ஒருவன் சொன்னான். எனக்கு அழுகை முட்டியது. நீங்களோ அறுந்த முனையை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தீர்கள். பிறகு என் நாக்கிலும் வைத்தீர்கள்.

"ஏட்டி, கரிக்கா?"

கரித்தது. எங்கள் ஏரியில் ஏது உப்பு? வீட்டுக்கு வந்து பரணில் ஏறிப் பார்த்தோம். நம் ஊர் மழைக்கும் பனிக்கும் உப்புப் பானை வேர்த்து வழிந்திருக்கிறது. வழிந்ததெல்லாம் பக்கத்திலிருந்த ரீலுக்குள் இறங்கியிருக்கிறது. நூலைப் பிரித்து இழுத்தால் வெந்த சேமியா மாதிரி கையோடு வந்தது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "பத்திரமா வைக்கிறன்னு கடலுக்குள்ளயே வச்சிட்டனேம்மா" என்றாள்.

நீங்கள் அம்மாவைக் குறை சொல்லவில்லை. "எங்கப்பா பருவத்துக்கு ஒருக்கா நூலை மாத்திருவாக அத்தை. அறுந்தாலும் மாத்துவாக, அறுகாட்டாலும் மாத்துவாக. ஒவ்வொரு தடவையும் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணியில அலசிக் காயப்போடுவாக. இங்கதான் கடலே இல்லியேன்னு நானும் மெத்தனமா இருந்துட்டேன்" என்றீர்கள். கடலை விட்டு வந்துவிட்டால் கடலின் சட்டமும் விட்டுவிடும் என்று நினைத்ததுதான் நம் எல்லோருடைய தப்பும்.

அடுத்த ஞாயிறு கனவான் வருகிறார். நடுவில் ஒரு வாரம்தான். புது நூலுக்கு எங்கே போவது? பெங்களூரில் கிடைக்கும் என்றான் அண்ணன், ஆனால் எந்தக் கடை என்று அவனுக்கும் தெரியவில்லை. எனக்குத்தான் அந்த யோசனை வந்தது, அதில் எனக்கு இன்னமும் பெருமைதான். தளிக்கு மேலே பட்டுக்கூடு வேகவைத்து நூல் இழுக்கும் வீடுகள் இருந்தன. இருவரும் பஸ் ஏறிப் போனோம். அந்த வீட்டுக் கன்னடக்கார அம்மாள் நாம் கேட்டதைக் கேட்டு முதலில் முழித்தாள். மாப்பிள்ளைக்கு அங்கவஸ்திரம் நெய்ய வந்தவர்கள் என்று நினைத்திருக்கிறாள். மீனுக்கு என்றதும் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கெட்டியான நூலாகப் பார்த்து எடுத்து, என் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னாள். "ஹரியல்லம்மா" என்றாள். அறுகாது என்று அர்த்தம்.

தோட்டத்து மாமரங்களுக்கு நடுவே அதை நீட்டிக் கட்டி, பள்ளிக்கூடத்தில் நான் நூல் நூற்கும் தக்ளியை வைத்து முறுக்கினோம். நீங்கள் அந்தக் கோடியில், நான் இந்தக் கோடியில். காட்டிலிருந்து வரும் தேன்மெழுகைச் சூடாக்கித் தடவினோம். ரீலைக் கழற்றி, அம்மா மட்டும் வெந்நீர் ஊற்றி ஊற்றிக் கழுவினாள், யாரையும் தொட விடவில்லை. வாளைக்குப் பல் உண்டே, தூண்டில் முள்ளுக்கு மேலே கம்பி வேண்டுமே என்று நீங்கள் கவலைப்பட்டபோது, அண்ணன் எழுந்து போய்ச் சைக்கிளின் பிரேக் கம்பியை உருவிக்கொண்டு வந்தான். அந்த வாரம் முழுக்கச் சந்தைக்கு இறக்கத்தில் காலைத் தேய்த்துத் தேய்த்து நிறுத்தியே போய்வந்தான். அண்ணன் உங்களிடம் ஆசையாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அந்தக் கம்பிக்குப் பிறகு கேட்க வேண்டியும் இருக்கவில்லை.

ஞாயிறு வந்தது. கனவானும் வந்தார். அப்பா அவரை ஏரிக்கரைக்கே அழைத்து வந்துவிட்டார். போன வாரம் சிரித்தவர்கள் இந்த வாரமும் சிரிக்க வசதியாக முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்கள். வெயில் ஏறும்வரை ஒன்றும் நடக்கவில்லை. கனவான் கடிகாரத்தைப் பார்த்தார். அப்பா செருமினார்.

அப்போது கவ்வியது பாருங்கள், அண்ணி.

நூல் போய்க்கொண்டே இருந்தது. நீங்கள் பிடிக்கவே இல்லை, கட்டை விரலால் லேசாகத் தொட்டுக்கொண்டு போகவிட்டீர்கள். விரல் தோல் உரிந்தது. வாளை தண்ணீரில் மூழ்கிக் கிடந்த கருவேலங் கட்டைகளுக்குள் போகப் பார்த்தபோதுதான் அழுத்தினீர்கள். கரை ஈரத்தில் கால் வழுக்கியது. "ஏட்டி, என்னைப் பிடி" என்றீர்கள். பின்னாலிருந்து உங்கள் இடுப்பைக் கட்டிக்கொண்டு நான் குதிகாலை மண்ணில் ஊன்றினேன். நூல் விண்ணென்று நின்றது. நான் எத்தனை செபம் சொன்னேன் என்று மாதாவுக்குத்தான் தெரியும். அறுகவில்லை. நம் பட்டு அறுகவில்லை.

எவ்வளவு நேரம் இழுத்தோமோ, கரை ஓரத்தில் அதன் மீசை தெரிந்தது. ஆள் உயரம் என்று ஊரில் பிறகு சொன்னார்கள். அது கொஞ்சம் கூடுதல், என் தோள்வரை இருந்தது நிஜம். கடைசித் துள்ளலில் முள் கழன்றுவிடும் போலிருந்தது. வெள்ளை வேட்டியும் பூசைக்குப் போட்ட சட்டையுமாக அப்பா தொபுக்கென்று தண்ணீரில் இறங்கினார். இரண்டு கையாலும் வாளையைக் கட்டிப்பிடித்துச் சேற்றோடு சேறாகக் கரையில் வந்து விழுந்தார். கூட்டம் கத்திய கத்தலில் ஏரிக் கொக்கெல்லாம் பறந்துவிட்டது.

கனவான் நல்ல மனிதர். உங்கள் நூலை விரலில் உருட்டிப் பார்த்து, பட்டா என்று ஆச்சரியப்பட்டார். கண் மட்டும் ரீலை விட்டு நகரவில்லை. அப்பா எழுந்து வேட்டியைப் பிழிந்தார். முகத்திலிருந்த சேற்றைத் துடைக்கவில்லை.

"மன்னிச்சுக்கோங்க சார். யோசன இல்லாம சொல்லிட்டன். அது என்னுது இல்ல, எங்க மருமக சாமான். மீன்ல பாதி எடுத்துட்டுப் போங்க."

அன்றைக்கு நீங்கள் அழுதீர்கள். நூல் அறுந்தபோது அழாதவர், அப்போதுதான் அழுதீர்கள். நானும் அழுதேன். நம் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு ஜெயிப்பு வந்ததில்லை. இரவு அம்மா வாளைக் குழம்பை உங்கள் தட்டில் முதலில் ஊற்றினாள். அது வரைக்கும் நம் வீட்டில் ஆண்களுக்குத்தான் முதலில்.

அதன் பிறகு நீங்கள் இருந்தவரை பருவத்துக்கு ஒருமுறை நூல் மாற்றினோம், மீன் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். பட்டு போய் நைலான் வந்தது, தங்கூஸ் வந்தது. கரையில் உங்களுக்கென்று ஓர் இடம் இருந்தது, யாரும் அதில் நிற்கமாட்டார்கள். நீங்கள் போய்ச் சேர்ந்தபோது உங்களைச் சுமந்தவர்கள் ஏரிக்கரை வழியாகத்தான் கல்லறைக்குப் போனார்கள். அண்ணன் கேட்கவில்லை, அவர்களாகவே அப்படித் திரும்பினார்கள்.

உங்களுக்குத் தெரியாத சேதி ஒன்று, அண்ணி. என் மகனுக்குப் போன தை மாதம் கல்யாணம். பெண் இங்கேதான் ஒரு பாக்டரியில் லேத்தில் வேலை செய்கிறாள். வரும்போது தன் ஸ்பானர், அளவுகோல் எல்லாம் போட்ட ஓர் இரும்புப் பெட்டியோடு வந்தாள். விருந்துக்கு வந்த என் வீட்டுக்காரரின் தம்பி அதைத் திறந்து பார்த்துவிட்டு, "பொண்ணுக்கு என்னாத்துக்கு இது, நம்ம பையனுக்கு ஆவும்" என்று கையில் எடுத்தார். அவள் முகம் வெளுத்தது. அந்த நிறம் எனக்குத் தெரியும்.

பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன். "கீழ வைங்க. அது எங்க மருமக சாமான்."

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்