ஆறாம் நாளைத் தாண்டினாள் எஸ்தர்

அன்பு அத்தைக்கு,

சந்தோஷச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். எஸ்தருக்குப் பெண் குழந்தை பிறந்து இன்றோடு பதினோரு நாள். காய்ச்சல் இல்லை, ஜன்னி இல்லை. காலையில் இரண்டு தோசை தின்றுவிட்டு மூன்றாவது கேட்டாள். உங்கள் பேத்தி எஸ்தர் பிழைத்துக்கொண்டாள், அத்தை!

உங்களுக்கு எழுத்துத் தெரியாது. நீங்கள் உயிரோடு இருந்தவரை வீட்டுக்கு வந்த கடிதங்களையெல்லாம் நான்தான் வாசித்துக் காட்டினேன். இதையும் ஞாயிற்றுக்கிழமை பெண்கள் கூட்டத்தில் சத்தமாக வாசிக்கப் போகிறேன். புதிதாக வந்தவர்களும் இருப்பார்கள் என்பதால் பழைய கதையையும் சேர்த்துச் சொல்கிறேன். கோபித்துக்கொள்ள மாட்டீர்களே?

வேலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பு முடித்து, ஆம்பூரில் உங்கள் வீட்டுக்கு நான் மருமகளாக வந்தபோது எஸ்தருக்கு ஐந்து வயது. அவளைப் பெற்ற ஆறாம் நாள் உங்கள் மகள் சலோமி ஜன்னி கண்டு இறந்துபோனாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். தாயில்லாப் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டே, தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து ஊறிய தோலை இழுத்துப் போட்டவர் நீங்கள். மற்றதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வந்த முதல் மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு பச்சை உடம்புக்காரியைப் பார்த்தேன். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, உள்ளே ஒரே புகை. தண்ணீர் கொடுத்தால் வயிறு ஊதும் என்று மூன்று நாளாக நாக்கை நனைக்க மட்டும் விட்டிருந்தார்கள். நான் கதவைத் திறந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்க வைத்துவிட்டு வந்து, உங்களிடம் பெருமையாகச் சொன்னேன்: "புள்ள பெத்தவளுக்குத் தண்ணி தராம இருக்கிறது பெரிய தப்பு அத்தை."

சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை நகர்த்தி வைத்தீர்கள்.

"சலோமி தண்ணி தண்ணின்னு கேட்டா. நாலு பேரு சொன்னாங்கன்னு சொம்ப எடுத்து நான்தான் மறைச்சு வெச்சேன். அப்ப எம்மவள நானே கொன்னுட்டேன்னு சொல்ல வர்றியா, நர்சம்மா?"

எனக்கு இருபது வயது. தட்டை எடுத்துக் கழுவப் போய்விட்டேன். அதற்குப் பிறகு ஒரு வருஷம் நீங்கள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

எனக்குத் தாய் இல்லை. அதனால் என் பிரசவமும் உங்கள் வீட்டில்தான். மருத்துவச்சி எல்லாம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். உங்கள் மகன் ஷாப்பில் இருந்தார். நல்ல வெயில் நேரம். திடீரென்று இடுப்புக்குக் கீழே சூடாகப் பரவியது. விரித்திருந்த துணி முழுக்க நனைந்துவிட்டது. வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். இறுகியிருக்க வேண்டிய கர்ப்பப்பை பிசைந்த மாவாட்டம் தளர்ந்து கிடந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"அத்தை, ரத்தம் நிக்கல. சோப்பு போட்டுக் கை கழுவிட்டு வாங்க."

ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை நீங்கள். கழுவிக்கொண்டு ஓடி வந்தீர்கள்.

"தொப்புள்கிட்ட கைய வெச்சு அழுத்தித் தேயுங்க. விடாதீங்க."

"வலிக்குமே?"

"வலிக்கட்டும். குழந்தைய எடுத்து என் மாருல போடுங்க, பால் குடிச்சா கர்ப்பப்பை சுருங்கும்."

ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தேய்த்தீர்கள். எனக்குக் கண் இருட்டியது.

"இன்னும் இன்னா பண்ணணும்? சொல்லு, சொல்லிக்கினே இரு. கண்ண மூடுன, அறைஞ்சுடுவேன்!"

எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. உங்கள் குரல் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். "இறுகிடுச்சு! கல்லாட்டம் ஆயிட்ச்சு, கிரேஸு! ரத்தமும் கம்மியாயிட்ச்சு!" நீங்கள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு நீங்களே சொம்பைக் கொண்டுவந்து என் வாயில் வைத்தீர்கள். "குடி. எவ்ளோ வேணுமோ குடி." நான் குடிக்கக் குடிக்க, நீங்கள் அழுதீர்கள். ஒரு வருஷத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டிய பதிலை அப்போதுதான் சொன்னேன். "சலோமிக்கு ஜன்னி வந்தது கழுவாத கையாலயும் அழுக்குத் துணியாலயும்தான் அத்தை. அது அன்னிக்கு இங்க யாருக்கும் தெரியாது. தண்ணி குடுத்திருந்தா வேதனை கம்மியா இருந்திருக்கும். பொழைச்சிருப்பாளா, தெரியாது."

"தெரியாதுன்னு சொன்ன பாரு, அதனாலதான் மத்ததையும் நம்பறேன்" என்றீர்கள்.

அடுத்த பத்து நாளும் நீங்கள்தான் எனக்கு நர்ஸ். துணியைக் கொதிக்க வைத்து வெயிலில் உலர்த்தினீர்கள். ஜன்னலைச் சாத்தச் சொன்னவர்களை விரட்டினீர்கள். பிள்ளை பெற்றவர்களைப் பார்க்க நான் மறுபடியும் கிளம்பிய அன்று பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டீர்கள். "நீ சொன்னா படிச்ச திமிருன்னு சொல்லுவாளுங்க. நான் சொல்றேன், நட."

உங்கள் ஷாப்பு வேலை முடிந்த பிறகு, ஒவ்வொரு மாலையும் எத்தனை தெரு சுற்றினோம்! நான் நோய்க்கிருமி என்று ஆரம்பித்தால் கதவு மூடும். நீங்கள் பேசினால் திறக்கும். "எம்மவ தண்ணி கேட்டா, நான் தரல. நீயாச்சும் குடு" என்று சொல்லிவிட்டு வாசலிலேயே நிற்பீர்கள். தன் குறையைத் தானே சொல்லிக்கொண்டு நிற்கிற ஒரு தாயிடம் யார் என்ன எதிர்ப்பேச்சுப் பேசுவது?

முதலாளி சாயபு வீட்டிலும் அப்படித்தான். "நர்சு வந்தா பேஜார்தான் ஜாஸ்தி" என்று திருப்பி அனுப்பப் பார்த்தார் அவர் மனைவி பீபியம்மா. அவர்கள் ஷாப்பில் கூலிக்கு இருந்த நீங்கள், அங்கேயும் அதே வார்த்தையைச் சொன்னீர்கள். அந்த அம்மா கதவை அகலத் திறந்தார். "எம்பொண்ணும் அப்படித்தான் போய்ட்டா. ரெண்டு பேரும் உள்ள வாங்க" என்றார்.

இப்போது கேளுங்கள். நீங்கள் போன மறு வருஷம், அதே பீபியம்மா தன் வீட்டை ஒட்டிய இரண்டு அறையைப் பிள்ளை பெற்றவர்களுக்கென்றே கொடுத்துவிட்டார்! வெள்ளையடித்து, பெரிய ஜன்னல் வைத்து, ஆறு கட்டில் போட்டிருக்கிறோம். ஷாப்புக்காரர் வீட்டு மருமகளும், தோல் இழுக்கிறவளும் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருக்கிறார்கள். சொன்னால் நம்புவீர்களா?

அங்கேதான் எஸ்தர் பெற்றாள். வலி எடுத்ததுமே என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமி, ஆறாம் நாள் எங்கயும் போய்டாதீங்க" என்றாள். மூன்றாம் நாள் உடம்பு லேசாகச் சுட்டபோது எனக்கு உயிரே இல்லை. பால் கட்டிக்கொண்டதுதான் காரணம். வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, குழந்தையை அடிக்கடி குடிக்க வைத்தேன், மறுநாள் தணிந்துவிட்டது. ஆறாம் நாள் காலையில் ஜுரம் பார்த்தேன், இல்லை. மத்தியானம் பார்த்தேன், இல்லை. பொழுது சாய்ந்ததும் பார்த்தேன். இல்லவே இல்லை! நாற்பது வயதை நெருங்குகிறவள், சின்னப் பெண் மாதிரி தெருவில் ஓடிக் கத்தினேன். பீபியம்மா ஆற்காட்டு மக்கன் பேடா இனிப்பு வரவழைத்து, தெரு முழுக்கக் கொடுத்தார்.

அடுத்த வாரம் பேரணாம்பட்டுக்குப் போகிறேன், அத்தை. அங்கே பிள்ளை பெற்ற பத்தாம் நாளே பெண்களை ஷாப்புக்குக் கூப்பிடுகிறார்களாம், பச்சை உடம்பு என்றும் பார்ப்பதில்லையாம். எஸ்தரும் உடம்பு தேறியதும் என்னோடு வருகிறேன் என்கிறாள். ஒவ்வொரு வாசலிலும் உங்களைப் பற்றிச் சொல்வேன். எதையும் மறைக்க மாட்டேன், கூட்டிச் சொல்லவும் மாட்டேன். அந்த ஊரில் பிள்ளை பெற்ற கடைசிப் பெண்ணும் எழுந்து நடக்கிறவரை திரும்ப மாட்டேன். இது சத்தியம்.

உங்கள் கையால் பிழைத்த மருமகள்,
கிரேஸ்